கூட்டுக்குள் இறங்கும் தரை

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோர ஊர்களில், மேரிலாந்தின் ஓஷன் சிட்டி போன்ற இடங்களில், கோடைக்காலக் கடைகளின் வாசலில் கம்பிக்கூண்டுகள் அடுக்கியிருக்கும். கூண்டின் அடியில் ஒரு விரற்கடை கனத்துக்குச் சாயம் ஏற்றிய சரளைக்கல். ஓரத்தில் ஈரப்பஞ்சு வைத்த சிறு தட்டு. நடுவில், கால்பந்தும் சிரித்த முகமும் வரைந்த சங்குகளைச் சுமந்தபடி நாலைந்து துறவி நண்டுகள். குழந்தைக்கு நண்டு பிடித்துவிடுகிறது. பெற்றோருக்கு விலை பிடித்துவிடுகிறது. நல்ல கவனிப்பில் 30 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடிய அந்த உயிர்களில் பல, சரளைக்கல் கூண்டில் சில மாதங்களைக்கூடத் தாண்டுவதில்லை.

கொஞ்சம் அக்கறையோடு வளர்க்க முனைபவர்கள், தொட்டியில் எதைப் பரப்பினால் நண்டின் கூடு கெடாமல் இருக்கும் என்று கேட்பார்கள். மணல் உரசித் தேய்க்குமா, தேங்காய் நார்த்தூள் கறை பிடிக்குமா, சுண்ணாம்பு மணல் கூட்டுக்கு ஊட்டம் தருமா என்று விவாதம் நீளும். இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. ஆனால் எல்லாமே கூட்டை வெளியே நின்று பார்த்துக் கேட்கும் கேள்விகள். நண்டுக்கு அதன் கூடு ஒரு தண்ணீர்க் குடம். தரை செய்யும் நன்மை தீமைகளில் பெரும்பகுதி அந்தக் குடத்தின் வாய் வழியாக உள்ளே போய்ச் சேர்கிறது. வெளியே தெரியும் கீறலும் கறையும் அதற்கு அடுத்தவைதான்.

நிலத்தில் வாழும் துறவி நண்டுகளின் பேரினமான கோயினோபிட்டாவில் ஏறத்தாழ 17 இனங்கள் உண்டு. வளர்ந்தபின் சங்கே வேண்டாம் என்று உதறிவிடும் தென்னை நண்டு இவற்றுக்குப் பங்காளி. அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்பது, கரீபியத் தீவுகளில் பிடித்து வரும் கோயினோபிட்டா கிளிப்பியேட்டஸ். அடுத்தது, ஈக்வடார் நண்டு என்ற பெயரில் விற்கும் பசிபிக் கரை இனமான கோயினோபிட்டா கம்ப்ரெஸ்ஸஸ். இவற்றின் குஞ்சுகள் கடல்நீரில் மிதந்து, பல பருவங்களைக் கடந்த பிறகே கரையேறும் என்பதால் வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைப்பது மிகக் கடினம். கடைக்கு வரும் நண்டு அநேகமாக எப்போதும் ஏதோ ஒரு கடற்கரையில் பிடிபட்டதுதான்.

முன்னுடல் கவசம் பூண்டிருக்கிறது. பின்னுடலோ மெல்லிய தோல் மட்டும் போர்த்திய, சுருண்ட சதைப்பை. அதைக் கூட்டுக்குள் திணித்துக்கொண்டு, கூடவே கொஞ்சம் தண்ணீரையும் சுமந்து திரிகிறது நண்டு. செவுள்கள் ஈரமாக இருந்தால்தான் அதற்கு மூச்சு. டி வில்டே என்ற டச்சு உயிரியலாளர் குராசோ தீவில் கிளிப்பியேட்டஸ் நண்டுகளை ஆராய்ந்து 1973இல் விரிவான நூலாக வெளியிட்டார். நன்னீரும் கடல்நீரும் கிடைத்தால் இரண்டிலிருந்தும் தேவைக்கேற்ப எடுத்து, கூட்டுநீரின் உப்பைத் தன் உடலுக்கு ஒத்த அளவில் நண்டு வைத்துக்கொள்வதை அவர் விவரித்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1964இல், வாரன் கிராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பசிபிக்கின் எனிவெடோக் பவளத்தீவில் இரண்டு இனங்களை ஒப்பிட்டிருந்தார். ஒன்று உப்பு மிகுந்த கூட்டுநீரைச் சுமந்தது. மற்றொன்று நன்னீர்ப் பக்கம் சாய்ந்தது. ஒரே தீவு, ஒரே வெயில், ஆனால் கூட்டுக்குள் வேறு வேறு தண்ணீர்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சாயச் சரளைக்கல்லைப் பார்த்தால் அதன் முதல் குற்றம் விளங்கும். கல் ஈரத்தைப் பிடித்து வைக்காது. தெளித்த தண்ணீர் அடிக்கு ஓடிவிடும், மேலே இருக்கும் காற்று உலர்ந்தே கிடக்கும். இந்த நண்டுகளுக்கு 75 முதல் 85 சதவீதம் வரை ஈரப்பதமும், 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை வெப்பமும் வேண்டும் என்பது வளர்ப்போரிடையே நிலைபெற்ற கணக்கு. கம்பிக்கூண்டும் கல்தரையும் சேர்ந்தால் குளிர்சாதன அறையின் வறண்ட காற்றுதான் மிச்சம். கூட்டுநீர் நாள்தோறும் குறைகிறது. பஞ்சில் ஊறிய தண்ணீரோ, பெரும்பாலும் குழாயிலிருந்து பிடித்த குளோரின் நீர். கடைசியில் நண்டு கூட்டைவிட்டு அம்மணமாக வெளியே வந்து கிடக்கும். கூடு பிடிக்காமல் வெளியேறியதாக நினைத்து வீட்டார் புதுச் சங்கு வாங்கி வருவார்கள். பழைய சங்கில் ஒரு குறையும் இருந்திருக்காது.

மரத்தூளும் மரச்சீவலும் இதைவிட மோசம். அவை ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சை பிடிக்கும். பைன், சீடர் போன்ற மரங்களின் வாசனை எண்ணெய்கள் நண்டுக்கு ஆகாது. உலர்ந்த தேங்காய் நார்த்தூளைத் தனியாகப் பரப்பினாலும் கதை கிட்டத்தட்ட இதுதான். தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சக்கூடிய பொருள் அது. கூட்டின் வாயைத் தரையோடு இழுத்துக்கொண்டு நடக்கும் பிராணி அதன்மேல் நடந்தால், வாயோரம் கசியும் ஈரம் தரைக்குப் போய்விடுகிறது. நனைத்துப் பயன்படுத்தினால் அதே நார்த்தூள் நல்ல நண்பனாகிவிடும்.

அடுத்து, கடைக்காரர்கள் அக்கறையோடு நீட்டும் சுண்ணாம்பு மணல். ‘தின்றாலும் நல்லது, கூட்டுக்கும் சத்து’ என்ற தோரணையில் விற்கும் பொடி இது. கூடு நண்டின் உறுப்பு அன்று என்பது இங்கே மறந்துபோகிறது. அதைக் கட்டிய நத்தை எப்போதோ செத்துவிட்டது. இப்போது அது வெறும் கால்சியம் கார்பனேட். எந்தச் சத்தும் அதில் ஏறாது, ஒருமுறை தேய்ந்த இடம் மறுபடி வளராது. நண்டுக்குக் கால்சியம் தேவைதான். அது தேவைப்படுவது அதன் சொந்த மேலோட்டுக்கு. கணவாய் ஓட்டைப் பொடித்து உணவோடு வைத்தால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும்.

சுண்ணாம்பு மணலின் உண்மையான கோளாறு ஈரம் பட்டபின் தெரியும். நனைந்து காய்ந்தால் அது கட்டி தட்டிக் கல்லாக இறுகுகிறது. வெப்பமண்டலக் கடற்கரைகளில் இயற்கையே செய்யும் வேலைதான்: அலையில் நனைந்து வெயிலில் காயும் சுண்ணாம்பு மணலின் இடுக்குகளில் கரைந்த சுண்ணாம்பு மறுபடி படிந்து, கடற்கரைப் பாறை உருவாகிறது. திறந்த கரையில் அது புவியியல் அதிசயம். தொட்டிக்குள் நண்டு அதில் குழி தோண்ட முடியாது. தோண்டினாலும் மேலே மூடிய ஓடு உறைந்துபோனால் வெளியே வர முடியாது. நுண்பொடி ஈரமான கூட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்து செதிலாகிறது. அந்தச் சொரசொரப்பு நேரே போய் உராய்வது, கவசமில்லாத பின்னுடலின்மேல்.

சாதாரண மணல் கூட்டைத் தேய்க்குமா? தேய்க்கும். அமெரிக்காவில் குழந்தைகள் விளையாட மூட்டையில் விற்கும் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் அதன் இடம் 7. சங்கின் பெரும்பகுதியான அரகோனைட்டின் இடம் 3.5 முதல் 4 வரை. இரண்டும் உரசினால் யார் தோற்பார் என்பதில் ஐயமில்லை. நத்தை உயிரோடு இருந்தபோது சங்கின்மேல் இருந்த மெல்லிய தோல்போன்ற படலம் முதலில் போகும். பிறகு நிறம் மங்கும். டர்போ வகைச் சங்குகளில் சில இடங்களில் உள்ளிருக்கும் முத்துப்பளபளப்பு எட்டிப்பார்க்கும்.

ஆனால் இந்தத் தேய்மானத்தைச் சேதம் என்று சொல்வது மனிதக் கண்ணின் ஆசை. துறவி நண்டு சுமந்த சங்குக்கே உரிய அடையாளம் அது. தொல்லுயிரியலாளர் சாலி வாக்கர் 1992இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கேள்வியே, ஒரு புதைபடிவச் சங்கில் நத்தைக்குப் பிறகு நண்டு குடியிருந்ததா என்று எப்படிக் கண்டறிவது என்பதுதான். நத்தை தன் சங்கைத் தூக்கிச் செல்கிறது. நண்டோ தரையில் இழுத்துச் செல்கிறது. அதனால் வாயையொட்டிய அடிப்பக்கத்தில் தட்டையாகத் தேய்ந்த முகங்கள் உருவாகின்றன. நண்டு செத்துக் கல்லான பிறகும் அதன் நடையைப் படிக்க உதவுவது தரை போட்ட இந்தக் கையெழுத்துதான்.

நண்டுகளே வேண்டுமென்று செய்யும் தேய்மானமும் உண்டு. கோஸ்டா ரிகாவின் ஓசா தீபகற்பத்தில் கம்ப்ரெஸ்ஸஸ் நண்டுகளை நீண்டகாலம் ஆராய்ந்தவர் மார்க் லெய்ட்ரே. 2012இல் வெளிவந்த அவருடைய ஆய்வுகள் காட்டும் காட்சி வேடிக்கையானது. சங்கின் நடுத்தண்டை நண்டுகள் குடைந்து எடுத்துவிடுகின்றன, வாயை அகலமாக்குகின்றன. உள்ளே இடம் கூடுகிறது, எடை குறைகிறது. இப்படித் திருத்திய சங்குகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. வளர்ந்த நண்டுகள் திருத்தாத புதுச் சங்கைச் சீந்துவதில்லை. பக்கத்துவீட்டுக்காரரை வெளியே இழுத்துப்போட்டாவது பழைய சங்கைப் பறிக்கப் பார்க்கின்றன. தேய்ந்து இளைத்த கூடுதான் அந்த ஊரில் விலை உயர்ந்தது.

இளைத்த சுவருக்கு ஒரு விலை உண்டு: எளிதில் உடையும். இந்த நண்டுகள் ஓயாமல் ஏறுபவை. மரக்கிளை, வலை, தொட்டி மூலையில் இருக்கும் கம்பி என்று எதையும் விடாது. ஏறுவதெல்லாம் விழும். கீழே கல்லோ வெறும் கண்ணாடியோ இருந்தால் உதடு சிதறும், சுருளில் விரிசல் விழும். விரிசல் வழியே கூட்டுநீர் ஒழுகும். ஆழமான மணலில் விழுந்த சங்கு பெரும்பாலும் சத்தம்கூட எழுப்பாது. தரைக்கும் கூட்டின் வெளிப்புறத்துக்கும் உள்ள உறவில் முதலில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

வேதியியலையும் பார்த்துவிடலாம். தரை அமிலத்தன்மை உடையதாக இருந்தால் கால்சியம் கார்பனேட் கரையும். பீட் பாசியின் அமில-கார அளவு (pH) 3.5 முதல் 4.5 வரை இருக்கும். அதை ஈரமாக வைத்து மாதக்கணக்கில் சங்கைப் புதைத்துவைத்தால் மேற்பரப்பு சுண்ணக்கட்டிபோல் வெளிறி உதிரும். தேங்காய் நார்த்தூள் சாதாரணமாக 5.5க்கு மேல்தான், அதுவும் மணலோடு கலந்திருக்கும். அதிலிருந்து இறங்கும் பழுப்புக் கறை வெள்ளைச் சங்கைத் தேநீர் நிறத்துக்கு மாற்றும். நண்டுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

மண்ணின் தன்மை ஒரு சங்கை எவ்வளவு காலம் காக்கும் என்பதற்குப் பெர்முடா சாட்சி. அங்கிருக்கும் கிளிப்பியேட்டஸ் நண்டுகளில் பெரியவற்றுக்குப் பொருந்தும் சங்கு சிட்டாரியம் பிக்கா என்ற கடல்நத்தையுடையது. அந்த நத்தை பெர்முடாவில் அழிந்துபோனது. நண்டுகள் அழியவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சுண்ணாம்பு மணற்குன்றுகளில் புதைந்து, அலை அரிப்பில் வெளிப்பட்ட புதைபடிவச் சங்குகளைப் போட்டுக்கொண்டு காலம் தள்ளின. பரிணாம உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1980இல் வந்த ‘தி பாண்டாஸ் தம்ப்’ கட்டுரைத் தொகுப்பில் இந்த விசித்திர இணையைப் பற்றி எழுதியிருக்கிறார். சுண்ணாம்பு மணலில் புதைந்ததால் தப்பிய சங்குகள் அவை. அமில மண்ணில் கிடந்திருந்தால் நண்டுகளுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. பின்னர் 1980களில் அந்த நத்தையை மறுபடி கொண்டுவந்து விட்டார்கள்.

அருங்காட்சியகக்காரர்கள் அறிந்த இன்னொரு ஆபத்தும் உண்டு. மர அலமாரிகளில் பத்திரமாகப் பூட்டி வைத்த சங்குகளில் வெள்ளைப் பூ பூக்கும். மெல்ல அரித்துத் தின்னும். 1899இல் இதைப்பற்றி எழுதிய இங்கிலாந்துக்காரர் லாஃப்டஸ் பைன் அதை நுண்ணுயிர் வேலை என்று நினைத்தார். அவர் பெயரிலேயே அது பைன் நோய் ஆயிற்று. நோய் எதுவும் இல்லை, மரத்திலிருந்து எழும் அசிட்டிக், பார்மிக் அமில ஆவிகள் ஈரக் காற்றில் சங்கைத் தாக்கி உண்டாக்கும் உப்புகள் அவை என்று 1985இல் டெனன்ட், பேர்ட் இருவரும் காட்டினார்கள். மூடிய பெட்டி, மரம், ஈரம் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே வினை. மரச்சீவல் பரப்பிய, வெதுவெதுப்பான, மூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் இந்த மூன்றும் உண்டு. உதிரிச் சங்குகளை அங்கே மாதக்கணக்கில் போட்டுவைக்காமல் இருக்க இது போதுமான காரணம்.

இனி ஆழம். தரையைப் பற்றிய பேச்சில் எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் இதுதான், கடைக்கூண்டு முற்றிலும் கைவிடும் விஷயமும் இதுதான்.

நண்டு வளர வேண்டுமானால் மேலோட்டைக் கழற்ற வேண்டும். நிலத் துறவி நண்டு அதற்காக மண்ணுக்குள் இறங்கி, தன் உடலளவுக்கு ஓர் அறை தோண்டி, அடைந்துகொள்கிறது. சிறியவற்றுக்குச் சில வாரங்கள் ஆகும். பெரியவை இரண்டு மூன்று மாதங்களுக்கு மேலும் வெளியே வராது. அந்தக் காலத்துக்கான தண்ணீர்க் கையிருப்பு கூட்டுக்குள் எடுத்துப்போனதும் சுற்றியிருக்கும் மணலின் ஈரமும்தான். பழைய மேலோடு பிளந்து கழன்றதும் நண்டு மிருதுவாக, எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் கிடக்கும். கழற்றிய மேலோட்டைத் தின்று அதிலிருக்கும் கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு மெல்ல இறுகும்.

ஆகவே குறைந்தது 15 சென்டிமீட்டர், அல்லது தொட்டியிலிருக்கும் பெரிய நண்டின் உயரத்தைப்போல மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அந்த ஆழம் வேண்டும். ஒரு விரற்கடைச் சரளையில் தோண்ட இடமில்லை. நண்டு தள்ளிப்போட்டுப் பார்க்கும். முடியாதபோது மேலேயே சட்டை கழற்றும். மற்ற நண்டுகள் அதைக் கடித்துத் தின்றுவிடும், கூட்டையும் எடுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் வீட்டார் பார்ப்பது, சண்டை போட்டுக் கூட்டைப் பிடுங்கிய முரட்டு நண்டை. உண்மையில் கொலைக்கு இடம் கொடுத்தது தரைதான்.

ஆழம் இருந்து ஈரம் இல்லாவிட்டாலும் பயனில்லை. உலர்மணலில் அறையின் சுவர் நிற்காது, சரியும். சரிந்த மணல் கூட்டின் வாய்க்குள் கொட்டும். கவசம் இல்லாத நாளில் பின்னுடலுக்கும் சங்குச் சுவருக்கும் நடுவே மணல் புகுந்தால் நண்டு கூட்டை உதறிவிட்டு வெளியேறும் வாய்ப்பு மிகுதி. ஈரம் கூடினால் வேறு ஆபத்து. மேலே தாராளமாகத் தெளித்த தண்ணீர் அடியில் தேங்கி, காற்றில்லாமல் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அந்த நீர் அறைக்குள் ஊறும், கூட்டுக்குள்ளும் ஊறும். கண்ணாடியின் அடி ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும். வளர்ப்போர் வைத்திருக்கும் சோதனை எளிமையானது: கையில் அள்ளிப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது.

அனுபவசாலிகளில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளும் கலவை, ஐந்து பங்கு விளையாட்டு மணலுக்கு ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். மணல் எடையையும் உறுதியையும் தருகிறது. நார்த்தூள் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுகிறது. அமெரிக்கச் செல்லப்பிராணிக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் நார்த்தூள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போவது. பொள்ளாச்சி வட்டாரம் அந்த ஏற்றுமதியில் பெரிய பெயர். ஒரு காலத்தில் சாலையோரம் மலைபோல் குவித்து எரித்துத் தள்ளிய கழிவு, இன்று ஒஹையோவில் ஏதோ ஒரு படுக்கையறையில் கரீபிய நண்டுக்குப் படுக்கையாகிறது. வாங்கும்போது உரம் கலக்காததாகப் பார்க்க வேண்டும். உப்பு நீரில் ஊறவைத்த மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு மிஞ்சியிருக்கும் என்பதால் நல்ல நீரில் அலசிப் பிழிவது நல்லது.

படுகையை நனைக்க எந்தத் தண்ணீர் என்பதில் வளர்ப்போர் இரு கட்சி. குளோரின் நீக்கிய நன்னீர் போதும் என்பது ஒன்று. மீன்தொட்டிக்கு விற்கும் கடலுப்பைக் கரைத்த நீர் பூஞ்சையைத் தடுக்கும் என்பது மற்றது. முதல்முறை உப்புநீரிலும் பிறகு நன்னீரிலும் நனைப்பதே அறிவுள்ள வழியாகத் தோன்றுகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு முறையும் உப்புநீரையே ஊற்றினால் தரையில் உப்பு ஏறிக்கொண்டே போகும். நண்டு தானே உப்பை அளந்து எடுத்துக்கொள்ள இரண்டு ஆழமான கிண்ணங்களை, ஒன்றில் நன்னீரும் மற்றதில் கடல்நீரும், வைத்தால் போதும்.

வெப்பமூட்டும் தகட்டைத் தொட்டியின் அடியில் ஒட்டுவது பரவலான பழக்கம். அது கீழ்மணலை உலர்த்தி, அங்கே அடைந்திருக்கும் நண்டை வேகவைக்கிறது. தகட்டின் இடம் பின்சுவரில், மணல்மட்டத்துக்கு மேலே.

உதிரிச் சங்குகளுக்கும் தரைக்கும் ஒரு கணக்கு உண்டு. சட்டை கழற்றி மேலே வரும் நண்டு பழைய கூட்டைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். உடனே கடைபார்க்கத் தொடங்கும். சங்கை உருட்டும், கொடுக்கை உள்ளே விட்டு அளக்கும். மணல் அடைத்திருந்தால் கொஞ்சம் வாரிப் போடும். ஈரமணல் சுருளின் ஆழத்தில் இறுகிக் கிடந்தால் விட்டுவிட்டுப் போய்விடும். வாய் மேல்நோக்கியிருக்க ஒரு தட்டையான ஓட்டின்மேல் வரிசையாக வைத்து, உள்ளே சில துளி நீர் விட்டால் குடியேற்றம் விரைவாகும். வைப்பதற்குமுன் கொதிக்கவைத்து ஆறவிடுவது நல்லது. சாயம் பூசிய சங்குக்கு இந்த வரிசையில் இடம் கிடையாது. மணல் உரசும்போது முதலில் உரிவது சாயம்தான்; அதைச் சுரண்டித் தின்னும் பழக்கமும் நண்டுக்கு உண்டு.

சரளைக்கல் தொட்டியை மாற்ற நினைப்பவருக்குப் பெரிய தடையில்லை. அதில் யாரும் புதைந்திருக்க முடியாது, ஒரே நாளில் மாற்றிவிடலாம். ஏற்கெனவே மணல் நிரப்பிய தொட்டியில் எண்ணிக்கை குறைகிறது என்று பதறித் தோண்டுவதுதான் ஆபத்து. பாதி இறுகிய நண்டின் அறையை உடைத்தால் அது பிழைப்பது அரிது. தரை கெட்டுவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால், மேலே நடமாடும் நண்டுகளை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, நாற்றமெடுக்காத பக்கத்தைத் தொடாமல், கெட்ட பக்கத்தை மட்டும் கையால் மெல்ல மெல்ல அள்ளி எடுப்பார்கள். கரண்டி கூடாது.